ஐந்தாம் எண் கிணறு: வாக்கர்டன், மே 2000

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அப்போது அங்கே ஏறத்தாழ 4,800 பேர் வசித்தார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம், குழாயில் வந்த தண்ணீரைக் குடித்து 7 பேர் இறந்தார்கள். 2,300-க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள்.

இந்த நிகழ்வைச் சொல்பவர்கள் பெரும்பாலும் குடிநீர் ஊழியர் இருவர் எழுதிய பொய்க்கணக்கோடு கதையை முடித்துவிடுவார்கள். பொய்க்கணக்கு உண்மைதான். ஆனால் அது எழுதப்படுவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கிணறு தன் சுபாவத்தைக் காட்டிவிட்டது. சுண்ணாம்புப் பாறையில் மழைத் தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும், அதைப் பார்த்தவர்கள் பார்த்த பிறகு என்ன முடிவெடுத்தார்கள் என்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கதை விளங்கும். நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் தலைமையில் நடந்த பொது விசாரணையில் வெளிவந்த விவரங்களே இந்த ஆய்வுக்கு அடிப்படை. சம்பந்தப்பட்ட ஊழியர்களின் பெயர்கள் இங்கே தேவைப்படவில்லை.

பின்னணி: பாறையும் கிணறுகளும்

வாக்கர்டன் பகுதியில் மேலே இருப்பது பனியாறுகள் விட்டுப்போன மண். அதன் அடியில் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக இறங்குகிறது. அது பாறையின் வெடிப்புகளை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரித்து அகலப்படுத்தி வைத்திருக்கிறது. மணற்படுகையில் தண்ணீர் நாளுக்குச் சில அங்குலம், சில அடி என்று ஊர்ந்து போகும். கிருமிகள் மணலில் சிக்கும், அல்லது வழியிலேயே சாகும். அரிக்கப்பட்ட சுண்ணாம்புப் பாறையில் அந்த வடிகட்டல் நடக்காது. அங்கே தண்ணீர் குழாய்க்குள் ஓடுவதுபோல் ஓடும்.

அந்த ஊரில் குகையோ, ஆள் விழும் அளவுக்குப் பள்ளமோ கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே விரித்த பனியாற்று மண் எல்லாவற்றையும் போர்த்திவிட்டது. இப்படித் தண்ணீர் அரித்த பாறை நிலத்தைக் கார்ஸ்ட் என்பார்கள். கார்ஸ்ட் என்றதும் குகையைத் தேடும் பழக்கம் நம்மிலும் பலருக்கு உண்டு. விரல் நுழையாத வெடிப்புகூட ஒரு கிணற்றைக் கெடுக்கப் போதும்.

2000-இல் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவை 5, 6, 7 என்ற எண்களுள்ள மூன்று கிணறுகள். ஆறும் ஏழும் 70 மீட்டருக்கு மேல் ஆழமானவை. ஐந்தாம் எண் கிணறு 1978-இல் ஊரின் தென்மேற்கு ஓரத்தில் போடப்பட்டது. அதன் மொத்த ஆழமே 15 மீட்டர். மேல்மட்டத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் கேசிங் பைப் 5 மீட்டர் வரைதான் இறங்கியது. தண்ணீர் வந்த வெடிப்புகள் ஐந்தரை மீட்டரிலும் ஏழரை மீட்டரை ஒட்டியும் இருந்தன. மேலே மூடியிருந்த மண்ணின் கனம் சுமார் இரண்டரை மீட்டர். பக்கத்திலேயே பண்ணை நிலங்கள். ஊரின் தேவையில் பாதிக்கு மேல் தரக்கூடிய திறன் இந்த ஒரு கிணற்றுக்கு இருந்தது. அதனால்தான் அதை விட்டுவிட யாருக்கும் மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

1978: கிணறு முதல் நாளே சொன்னது

கிணறு தோண்டியதும் பம்பு ஓட்டிச் சோதித்தார்கள். இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பம்பு ஓடும்போது அருகிலிருந்த ஊற்றுகளின் வரத்து குறைந்தது. சோதனை தொடர்ந்தபோது எடுத்த மாதிரியில் மலக்கிருமிகள் இருந்தன.

இவை இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. சேர்த்துப் படிக்க வேண்டும். தரையில் வெளிவரும் ஊற்றும் பாறைக்குள் இருக்கும் கிணறும் ஒரே வழியில் இணைந்திருக்கின்றன. அந்த வழியில் தண்ணீர் சுத்தமாவதில்லை. கிணறு தண்ணீரை இழுத்தால் ஊற்று வற்றும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் ஊற்றின் வாயில் தேங்கிய தண்ணீரே கிணற்றுக்குத் திரும்பிப் போகும்.

இதை ஆலோசகர் கவனிக்காமல் இல்லை. கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தை நகராட்சியே வாங்கி அங்கே என்ன நடக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று எழுதினார். அந்த நிலம் வாங்கப்படவில்லை. சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அலுவலர்களுக்கும் சந்தேகம் இருந்தது. ஆனாலும் 1979 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. குளோரின் போட்டு, 15 நிமிடம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கடிதப் போக்குவரத்தில் இருந்ததே தவிர, அனுமதிப் பத்திரத்தில் நிபந்தனையாக ஏறவில்லை. அந்தக் காலத்து நடைமுறை அப்படி. பின்னாளில் புதிய கிணறுகளுக்கு நிபந்தனை எழுதத் தொடங்கியபோது பழைய பத்திரங்களை எடுத்துப் புரட்டிப் பார்க்க ஒரு திட்டமும் வகுக்கப்படவில்லை.

இந்த முடிவை இன்றைய கண்ணால் பழிக்க நான் தயங்குகிறேன். குளோரின் ஒழுங்காகப் போட்டால் ஆபத்தில்லை என்று நினைத்தார்கள், அதில் ஒரு நியாயமும் இருந்தது. ஆனால் அந்த நியாயம் முழுக்க ஒரே ஒரு வேலியைச் சார்ந்தது. பாறை வடிகட்டாது என்று தெரிந்த இடத்தில் குளோரின் மட்டுமே வேலி. அந்த வேலி நிற்கிறதா என்று தினமும் யார் பார்ப்பது என்பது எழுதப்படவே இல்லை.

1979 முதல் 1998 வரை: கோப்புக்குள் போன எச்சரிக்கை

1994-இல் மாகாணத்தின் குடிநீர் வழிகாட்டுதல் திருத்தப்பட்டது. தரைமேல் தண்ணீரின் நேரடித் தாக்கம் உள்ள கிணறுகளில் எஞ்சிய குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவி வேண்டும் என்று அது சொன்னது. ஐந்தாம் எண் கிணறு அந்த வகைக்கு அப்பட்டமான உதாரணம். ஆனால் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளில் எவை அந்த வகை என்று தரம் பிரிக்கும் வேலையை யாரும் தொடங்கவில்லை. கருவி வரவில்லை.

1991, 1995, 1998 ஆகிய ஆண்டுகளில் அமைச்சகத்தின் ஆய்வாளர்கள் வந்து போனார்கள். பழைய கோப்புகளைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 1978-இல் ஊற்று வற்றிய செய்தி அலமாரியிலேயே இருந்தது. 1998-இல் வந்த ஆய்வு, சுத்திகரித்த தண்ணீரிலேயே ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் குடல் பாக்டீரியா) பல தடவை வந்திருப்பதையும் குளோரின் குறைவாக இருப்பதையும் பதிவு செய்தது. கடிதம் எழுதினார்கள். கட்டாய உத்தரவு போடவில்லை, மறு ஆய்வுக்கும் வரவில்லை. அமைச்சகத்தின் ஆட்பலமும் பணமும் பெரிய அளவில் வெட்டப்பட்ட ஆண்டுகள் அவை.

கிணற்றடியில் நிலைமை இன்னும் மோசம். மேலாளரும் அவருக்குக் கீழே இருந்த ஃபோர்மேனும் (உடன்பிறந்தவர்கள்) பணி அனுபவத்தை வைத்துச் சான்றிதழ் பெற்றவர்கள், தேர்வு எழுதியதில்லை. குளோரின் வாடை அடிக்கிறது என்று மக்கள் புகார் சொன்னால் அளவைக் குறைப்பார்கள். எஞ்சிய குளோரினைத் தினமும் அளப்பதில்லை; ஏட்டில் 0.5 அல்லது 0.75 என்று எழுதிவைப்பார்கள். மாதிரி எடுத்த இடத்தையும் மாற்றி எழுதுவார்கள். அதே நேரம் சுத்திகரிக்காத கிணற்றுத் தண்ணீரை அவர்களே குடித்தார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ஊரை ஏமாற்றுகிறோம் என்று நினைத்து அவர்கள் அதைச் செய்யவில்லை. நிலத்தடி நீர் என்றாலே சுத்தம் என்று மனதார நம்பினார்கள். நம்மூரிலும் போர் தண்ணீர் என்றால் கேள்வி கேட்பவர் குறைவுதான்.

மே 8 முதல் 15 வரை: மழை

ஏப்ரல் கடைசியில் கிணற்றுக்கு அருகிலிருந்த பண்ணையில் மாட்டெரு போடப்பட்டது. அந்தப் பண்ணைக்காரர் முறைப்படிதான் செய்தார், அவர்மீது குற்றமில்லை என்று விசாரணை தெளிவாகச் சொல்லிவிட்டது.

மே 8 முதல் 12 வரை ஐந்து நாளில் 134 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதில் பாதிக்கு மேல், சுமார் 70 மில்லிமீட்டர், 12-ஆம் தேதி ஒரே நாளில் விழுந்தது. முதல் நாட்களின் மழையிலேயே மண் நிறைந்துவிட்டது. கடைசி நாள் மழைக்கு மண்ணில் இடமில்லை. இப்படிப்பட்ட வேளையில்தான் கார்ஸ்ட் தன் முழு வேகத்தைக் காட்டும். தண்ணீர் மண்ணில் தங்கிச் சுத்தமாகி இறங்க நேரமே இல்லாமல், மேற்பரப்பில் கிடந்ததை அடித்துக்கொண்டு வெடிப்புகளுக்குள் போகிறது. ஈ.கோலையின் கொடிய வகையான ஓ157:எச்7, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பிலோபாக்டர் ஆகிய கிருமிகள் 12-ஆம் தேதி வாக்கில் ஐந்தாம் எண் கிணற்றுக்குள் நுழைந்தன என்பது விசாரணையின் முடிவு. பண்ணை மாடுகளில் கிடைத்த கிருமியின் மரபணுத் தடமும் நோயாளிகளிடம் கிடைத்ததும் பொருந்தின.

9-ஆம் தேதி முதல் 15 வரை, 12-ஆம் தேதி இரவு தொடங்கிய ஓர் இடைவெளி தவிர, ஊருக்கு முக்கியமாக ஓடியது ஐந்தாம் எண் கிணறுதான்.

குளோரின் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். குளோரின் கிருமியை மட்டும் தேடிப் போய்க் கொல்வதில்லை. தண்ணீரில் அழுக்கு, கரிமப்பொருள் எது வந்தாலும் அதோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். தெளிந்த நாட்களில் போதுமானதாகத் தோன்றிய அளவு, கலங்கல் வந்த நாளில் சில நொடிகளில் காணாமல் போகும். ஆகவே எவ்வளவு போட்டோம் என்ற கணக்கு எதையும் நிரூபிக்காது. எவ்வளவு மிஞ்சியது என்பதுதான் சேதி. 13, 14, 15 தேதிகளில் ஒரு முறை மாதிரி எடுத்துச் சோதித்திருந்தால் எஞ்சிய குளோரின் இல்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஒரு சில நிமிட வேலை. 13-ஆம் தேதி ஏட்டில் 0.75 என்று எழுதப்பட்டது.

15-ஆம் தேதி ஏழாம் எண் கிணற்றை ஓட்டினார்கள். அதற்கு வாங்கிய புதிய குளோரின் கருவி இன்னும் பொருத்தப்படாமல் கிடந்தது. அது தெரிந்த பிறகும் மேலாளர் அதை நிறுத்தவில்லை. 19 வரை ஊருக்குக் குளோரின் இல்லாத தண்ணீர் போனது.

மே 17 முதல் 21 வரை: தெரிந்தவர்களும் தெரியாதவர்களும்

15-ஆம் தேதி எடுத்த மாதிரிகளின் முடிவு 17-ஆம் தேதி மேலாளருக்கு வந்தது. ஈ.கோலை இருந்தது. அந்த ஆய்வுக்கூடம் முடிவைத் தன் வாடிக்கையாளருக்கு மட்டும்தான் அனுப்பியது. 1996-இல் குடிநீர்ச் சோதனை தனியார் கைக்குப் போனபோது, கெட்ட முடிவைச் சுகாதாரத்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் போடப்படவில்லை.

18-ஆம் தேதி இரண்டு குழந்தைகள் ரத்தப்போக்கோடு ஓவன் சவுண்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மறுநாள் ஒரு குழந்தை மருத்துவர் ஈ.கோலையாக இருக்கலாம் என்று சந்தேகித்துச் சுகாதார அலகுக்கு (வட்டாரப் பொதுச் சுகாதார அலுவலகம்) சொன்னார். அவர்கள் குடிநீர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று மேலாளர் பதில் சொன்னார். அவர் கையில் இரண்டு நாளுக்கு முந்தைய முடிவு இருந்தது. அன்றே குழாய்களை அலசிவிட்டு அதிகக் குளோரின் போடத் தொடங்கினார். ஆக, அவருக்கு விஷயம் புரிந்திருந்தது.

சுகாதார அலகின் நிலையையும் பார்க்க வேண்டும். ஊரில் எல்லா வயதினருக்கும் ஒரே நேரத்தில் நோய். ஒரே பள்ளி, ஒரே விருந்து, ஒரே கடை என்று இணைப்பு எதுவும் இல்லை. எனில் தண்ணீர்தான். ஆனால் தண்ணீரைக் கவனிப்பவரே பழுதில்லை என்கிறார், கிணற்றுத் தண்ணீரில் இந்தக் கிருமி வருவது அபூர்வம் என்பது பொது நம்பிக்கை. அதனால் சாப்பாட்டில் தேடினார்கள். 20-ஆம் தேதி நோயாளியின் மாதிரியில் ஓ157:எச்7 உறுதியானது. அன்றே குடிநீர் அலுவலகத்திலேயே வேலை பார்த்த ஒருவர் பெயர் சொல்லாமல் அமைச்சகத்தின் அவசர எண்ணுக்குப் பேசி, கெட்ட முடிவு வந்திருப்பதைச் சொன்னார்.

21-ஆம் தேதி மதியம், சுகாதார அலகின் மருத்துவ அதிகாரி தன் கையில் தண்ணீர்ச் சோதனை முடிவு எதுவும் இல்லாமலே, காய்ச்சிக் குடிக்கச் சொல்லி அறிவிப்புக் கொடுத்தார். ஆதாரம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு அதுதான். அவர்கள் சுயமாக எடுத்த மாதிரிகளின் முடிவு 23-ஆம் தேதிதான் வந்தது. குறை ஒன்று உண்டு: அறிவிப்பை உள்ளூர் வானொலியோடு விட்டுவிட்டார்கள். வீடு வீடாகத் துண்டுச்சீட்டு போகவில்லை, பலர் அன்று கேள்விப்படவே இல்லை.

விளைவு

22-ஆம் தேதி முதல் மரணம். மொத்தம் 7. மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 65 பேர். 27 பேருக்கு ரத்தச் சிவப்பணு சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும் நிலை வந்தது. அவர்களில் பெரும்பாலானோர் குழந்தைகள். தப்பியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், உயர் ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் குடல் உபாதைகளும் அவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தன. ஆறு மாதத்துக்கும் மேல் கழித்து, டிசம்பர் 5-ஆம் தேதிதான் காய்ச்சிக் குடிக்கும் அறிவிப்பு விலக்கப்பட்டது.

விசாரணையின் முதல் அறிக்கை 2002 ஜனவரியில் வந்தது. இடைவிடாமல் குளோரினை அளக்கும் கருவி ஐந்தாம் எண் கிணற்றில் இருந்திருந்தால் இந்த நோய்ப்பரவலே நடந்திருக்காது என்று நீதிபதி முடிவு சொன்னார். தினசரி அளவையாவது உண்மையாகச் செய்திருந்தால் பாதிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். மே 19-இலேயே அறிவிப்பு வந்திருந்தால் 300 முதல் 400 பேர் நோயிலிருந்து தப்பியிருப்பார்கள், ஆனால் மரணங்கள் தவிர்ந்திருக்குமா என்பது சந்தேகம் என்றும் எழுதினார். மூடி மறைத்ததைவிடக் கிணற்றை அப்படியே ஓடவிட்டதுதான் கொன்றது என்று நான் இதைப் படிக்கிறேன்.

2004 டிசம்பரில் மேலாளருக்கு ஓராண்டுச் சிறை. ஃபோர்மேனுக்கு ஒன்பது மாத வீட்டுக்காவல்.

என்ன மாறியது

2000 ஆகஸ்டிலேயே, கெட்ட முடிவை ஆய்வுக்கூடம் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிப்பது கட்டாயமானது. 2002-இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம், 2006-இல் நீராதாரங்களைக் காக்கும் சட்டம். பணியாளர்களுக்குப் பயிற்சி கட்டாயமானது. வாக்கர்டனிலேயே அதற்கென ஒரு மையம் அமைந்தது. தரைமேல் தண்ணீரின் தாக்கம் உள்ள கிணறு எது என்று கண்டறிந்து, அதற்கு ஆற்றுத் தண்ணீருக்குரிய சுத்திகரிப்பைக் கேட்கிறார்கள். ஐந்தாம் எண் கிணறு மூடப்பட்டது.

இன்னும் சரியாகப் படிக்கப்படாத பகுதி

நோய்ப்பரவலுக்குப் பிறகு, கிணறுகளுக்கு எவ்வளவு தூரத்திலிருந்து எத்தனை நாளில் தண்ணீர் வந்து சேரும் என்று கணினி மாதிரி ஒன்றில் கணக்கிட்டார்கள். அந்த மாதிரி பாறையை மணற்படுகைபோலப் பாவித்தது: எங்கும் ஒரேமாதிரி நுண்துளைகள், தண்ணீர் மெல்ல ஊர்ந்து வரும். அதன்படி 30 நாள் பயணத் தூரம் சில நூறு மீட்டருக்குள் அடங்கியது. வரைபடத்தில் பார்க்க நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊர் மக்கள் அமைப்பின் சார்பில் வந்த கார்ஸ்ட் ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். கிணறுகளுக்குள் கேமராவை இறக்கிப் பார்த்தார்கள். அரித்த வழிகள் தெரிந்தன. சுற்றுவட்டாரத்து ஊற்றுகளைக் கணக்கெடுத்தார்கள். பிறகு தடங்காண் சாயத்தைப் பாறைக்குள் விட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் நாளொன்றுக்கு 300 மீட்டருக்கும் மேலான வேகத்தில் போனது. மாதிரி சொன்னதைவிடப் பல பத்து மடங்கு வேகம். அதாவது ஏழு பேர் இறந்த பிறகும் அந்தப் பாறையை மணல் என்று வைத்துத்தான் கோடு போட்டிருந்தார்கள்.

மறுபடி செய்வதானால்

இதேபோன்ற ஒரு கிணறு என் பொறுப்பில் இருந்தால், கணினி மாதிரிக்கு முன்னால் சாயச் சோதனைக்குச் செலவு செய்வேன். அதற்கும் முன்னால், காசே செலவாகாத ஒன்றைச் செய்வேன்: பம்பைப் போட்டுவிட்டு அருகிலுள்ள ஊற்றுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துவேன். வரத்து குறைந்தால் அந்தக் கிணறு நிலத்தடி நீரே அல்ல, கூரை போட்ட ஓடை.

மாதிரி எடுக்கும் நாளையும் மாற்றுவேன். மாதத்தில் இத்தனாவது தேதி என்று எடுப்பது கார்ஸ்டில் பொருளற்றது. வெயில் காயும் நாளில் எடுத்த பத்து நல்ல முடிவுகள், பெருமழைக்கு மறுநாள் கிணறு என்னவாக இருக்கும் என்பதைச் சொல்லாது. ஐந்தாம் எண் கிணறு அன்றாடம் கெட்டிருந்த கிணறில்லை. மழைக்குக் கெடும் கிணறு. ஆகவே மழை அளவு ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும் பம்பு நிற்க வேண்டும், கலங்கலும் எஞ்சிய குளோரினும் பார்த்த பிறகே மறுபடி ஓட வேண்டும். அந்த எல்லை எத்தனை மில்லிமீட்டர் என்பதைப் புத்தகத்தில் தேட முடியாது. அந்தக் கிணற்றை இரண்டு மழைக்காலம் மணிக்கு மணி அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடைசியாக, கோப்பு. 1978-இன் பம்பு சோதனை அறிக்கையை ஒரு பக்கமாகச் சுருக்கி, பம்பு அறையின் சுவரில், குளோரின் ஏட்டுக்கு நேர் மேலே ஒட்டச் சொல்வேன். அந்த ஃபோர்மேன் 0.75 என்று எழுதும்போது அது அவர் கண்ணில் பட்டிருந்தால் நின்று யோசித்திருப்பாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதுதான். 1998-இல் வந்த ஆய்வாளர் அதைப் படித்திருப்பார்.